ஒப்படைப்பும் ஏவலும்



சொற்பொழிவுக்குரிய பொருளை நானே தேர்ந்துகொள்ளலாம் என்று இந்த அறக்கட்டளையின் நிர்வாகிகள் எழுதியபோது, இலக்கியத்தையோ சமயத்தையோ பற்றி நான் பேசுவேன் என்று அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும், வகுப்பறையிலும் வயலிலும் வீட்டிலும் இத்தனை ஆண்டுகளாக நான் கண்ட மனக்கசப்புகளில் சரிபாதி, ஒருவர் தம் காரியத்தை இன்னொருவரிடம் ஒப்படைக்கத் தெரியாமையால் விளைந்தவை என்னும் எண்ணம் வயது ஏற ஏற என்னுள் உறுதிப்பட்டு வருவதால், அந்தச் சாதாரண விஷயத்தையே இந்த அவையின்முன் வைக்கத் துணிந்தேன். சாதாரணம் என்றது அது நாள்தோறும் நிகழ்வது என்னும் கருத்திலேதான்; எளிது என்னும் கருத்தில் அன்று.

பிறரைக் கொண்டு ஒரு காரியத்தைச் செய்விப்பதற்கு நம் மொழியில் பல சொற்கள் உண்டு. ஏவுதல் என்கிறோம், தலையில் கட்டுதல் என்கிறோம், ஒப்படைத்தல் என்கிறோம். இவற்றைக் கலந்து வழங்குவதால் நேரும் நஷ்டம் பெரிது. ஏவுகிறவர் சிந்தனையைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டு பிறருடைய கையையும் காலையும் மட்டும் வாங்கிக்கொள்கிறார். தலையில் கட்டுகிறவர் சுமை இறங்கினால் போதும் என்று, அது யார் தலை என்பதையும் பாராமல் போய்விடுகிறார். ஒப்படைக்கிறவரோ, வேலையோடு அந்த வேலையைப் பற்றித் தீர்மானிக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அதன் விளைவுக்குப் பதில் சொல்லும் கடமையைத் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். கொடுக்க வேண்டிய அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, பிடித்துக்கொள்ள வேண்டிய கடமையைக் கொடுத்துவிடுவதே நம்மில் பெரும்பாலோர் நாள்தோறும் செய்துவரும் பிழை.

திருவள்ளுவர் பொருட்பாலில் இதற்கென்றே இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். 51ஆவதாகிய 'தெரிந்து தெளிதல்' ஆளைத் தேர்வதைப் பற்றியது. 52ஆவதாகிய 'தெரிந்து வினையாடல்' தேர்ந்த ஆளை வினையில் அமர்த்துவதைப் பற்றியது. ஆராய்ச்சியையெல்லாம் முன்னதாகவே செய்து முடித்துவிடச் சொல்லும் அப்பெருமான், காரியத்தை ஒருவனிடம் சேர்க்கும் இடத்தில் 'விடுதல்' என்னும் வினைச்சொல்லை ஆள்கிறார். கொடுத்தல் என்றால் கொடுத்த பின்னும் பொருளின் ஒரு முனையைப் பற்றிக்கொண்டு நிற்கலாம். விடுதல் என்றால் விரல்கள் திறந்தாக வேண்டும். இச்சொற்பொழிவின் பொருள் முழுவதும் அந்த விரல்களைப் பற்றியதே.

நாஞ்சில் நாட்டில் பிறந்தவர்களுக்கு இதனை விளக்கத் தண்ணீரைக் காட்டிலும் தக்க சான்று கிடைப்பது அரிது. திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜாவின் காலத்தில், 1897ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டு வரை, மிஞ்சின் என்னும் ஐரோப்பியப் பொறியாளரின் மேற்பார்வையில் கோதையாற்றின் குறுக்கே எழுந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீரும், பரளியாற்றின்மேல் பிற்காலத்தில் கட்டப்பட்ட பெருஞ்சாணி அணையின் தண்ணீரும், புத்தன் அணையிலிருந்து பிரிந்து, பாண்டியன் கால் என்றும் அனந்தனாறு என்றும் தோவாளைக் கால்வாய் என்றும் நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு என்றும் பற்பல பெயர்களோடு கிளைத்து, பழையாற்றுப் பாசனத்தோடும் கலந்து, தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் கடைமடை வரையில் செல்வதை நாம் அறிவோம். வழக்கமாக ஜூன் மாதத் தொடக்கத்தில் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைக்கும் இத்தண்ணீரை நம்பியே கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகமும் விளைகின்றன. அணையில் இருக்கும் பொறியாளர் எவ்வளவு கல்வியும் சிரத்தையும் உடையவராயினும், எந்த வயலில் நாற்று வேர்பிடித்துவிட்டது, எந்த வயலில் பயிர் வாடுகிறது என்பதை அங்கிருந்தபடி அறிய முடியுமோ? முடியாது. ஆகவே, அணையில் எவ்வளவு திறப்பது என்பதை அவர் தீர்மானிக்கிறார். காலின் ஷட்டரைப் பார்த்துக்கொள்ள ஒரு லஸ்கர் இருக்கிறார். மடைக்குக் கீழே ஊரார் ஏற்படுத்திய ஆள் இருக்கிறார். வரப்புக்குள் வந்த பிறகு விவசாயி இருக்கிறார். மலையில் தேங்கிய தண்ணீர் ஒரு நெற்பயிரின் வேரை அடைவதற்குள் நான்கு ஐந்து பேருடைய தீர்மானங்களைக் கடக்கிறது. ஒவ்வொருவரும் தமக்குக் கண்ணெட்டும் தூரத்தை மட்டும் தீர்மானிப்பதனாலேயே அது ஒழுங்காக நடைபெறுகிறது.

என் இளமையில் எங்கள் வயற்பரப்பாகிய பத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச ஊரார் ஒரு முதியவரை ஏற்படுத்தியிருந்தார்கள். பாட்டா என்றுதான் சிறுவர்களாகிய நாங்கள் அவரை அழைப்போம். அந்தப் பத்தில் அவருக்கென்று ஒரு சென்ட் நிலமும் கிடையாது. அறுவடையின்போது களத்தில் அளந்து கொடுக்கும் நெல்லே அவருக்குக் கூலி. நிலமில்லாத ஒருவரிடம் இத்தனை பேருடைய நிலத்தின் உயிரை ஏன் ஒப்படைத்தார்கள் என்பது எனக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. தம் வயல் என்று ஒன்று அங்கே இல்லாதவரே எல்லா வயலையும் ஒன்றுபோல் பார்க்க வல்லவர் என்று கண்ட ஊராரின் விவேகத்தைப் பின்னாளிலேதான் உணர்ந்தேன். அவர் மடையில் நிற்கும்போது, எத்தனை கோட்டை விதைப்பாடு உடையவராயினும் நிலக்காரர் எவரும் மடையில் மண்வெட்டியை வைத்தல் ஆகாது. வைத்தால் அது திருட்டுக்குச் சமானம்.

ஓராண்டு கும்பப்பூவில், கதிர் பால் பிடிக்கும் தறுவாயில் தண்ணீர் குறைந்துவிட்டது. எங்கள் வயல் கடைமடை. பாட்டா அந்தியில் வீட்டுக்கு வந்து, "விடிஞ்சா நம்ம வயலுக்குத் தண்ணி வரும் அண்ணாச்சி, நீங்க அங்க வராண்டாம், நான் நிக்கேம்லா" என்று சொல்லிப் போனார். அன்றிரவு என் தந்தையார் உறங்கவில்லை. படிப்புரையில் எழுந்து உட்காருவதும், முற்றத்தில் இறங்கி வயல் இருக்கும் திசையைப் பார்ப்பதும், மீண்டும் வந்து படுப்பதுமாக இருந்தார். சுவரில் சார்த்தியிருந்த மண்வெட்டியின் அருகில் இரண்டு முறை போய் நின்றதையும் நான் பார்த்தேன். ஆனால் எடுக்கவில்லை. நம்பிக்கை என்பது மனம் கலங்காத நிலை என்று நூல்களில் படிக்கிறோம். கலங்கிய மனத்தோடு மண்வெட்டியை எடுக்காமலிருப்பதும் நம்பிக்கையே என்று அந்த இரவு எனக்குக் காட்டிற்று. 2000ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பாசன அமைப்புகளின் மேலாண்மையில் விவசாயிகளுக்கே பங்கு அளிக்கும் சட்டத்தை இயற்றியபோது, பலரும் அதனைப் புதுமை என்றனர். எனக்கோ அந்த முதியவரும் அவருடைய மண்வெட்டியுமே நினைவுக்கு வந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. நம் பழைய வாழ்வில் ஒப்படைப்பு இருந்த அளவைக் காட்டிலும் ஏவல் மிகுதியாக இருந்தது. 1855ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரையில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. இந்த வயல்களில் நட்ட கைகளும் அறுத்த கைகளும் பல தலைமுறைக் காலம் 'முடியாது' என்று சொல்லும் உரிமை அற்ற கைகளாயிருந்தன. சட்டம் வந்த பின்பும் பழக்கம் உடனே போய்விடவில்லை. மறுத்துச் சொல்ல உரிமையில்லாதவரிடம் எதனையும் ஒப்படைக்க முடியாது. அவரை ஏவத்தான் முடியும். நம் வீட்டில் வேலை செய்யும் அம்மையாரிடம், அலுவலகத்தில் நமக்குக் கீழே இருப்பவரிடம், ஏன், நம் பிள்ளைகளிடமும் ஒரு காரியத்தைக் கொடுக்கும்போது, 'இது என்னால் ஆகாது', 'இதற்கு இத்தனை நாள் வேண்டும்' என்று அவர் அச்சமின்றிச் சொல்லக்கூடுமா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சரித்திரத்திலும் இப்பகுதியே ஓர் அபூர்வமான உதாரணத்தைத் தருகிறது. 1741ஆம் ஆண்டில் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்டவர்மா மகாராஜா, அப்போரில் சிறைப்பட்ட டிலனாய் என்னும் வீரரைத் தம் படைகளைப் பழக்கும் பணியில் அமர்த்தினார். நேற்று வரை எதிரியாயிருந்தவரிடம் படையைக் கொடுப்பதைத் துணிவு என்று போற்றுவதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள்; அத்துணிவு எவ்வாறு படிப்படியாக வந்தது என்பதைக் கவனிப்பதில்லை. முழுப்படையையும் மகாராஜா முதல் நாளே தூக்கிக் கொடுத்துவிடவில்லை. மெய்காவற் படையில் சில பிரிவுகளை மட்டும் பழக்குமாறு விட்டு, விளைவைக் கண்டு, பிறகு சிறிது சிறிதாக விரித்தார். உதயகிரிக் கோட்டை டிலனாயின் பொறுப்பில் வலுப்பெற்றது. பீரங்கிகள் அங்கே வார்க்கப்பட்டன. கைதியாய் வந்தவர் 'வலிய கப்பித்தான்' என்னும் பதவியை அடைந்து, மகாராஜா மறைந்து பத்தொன்பது ஆண்டுகள் சென்ற பின்னும் அதே நாட்டுக்கு உழைத்து, 1777ஆம் ஆண்டில் மறைந்தார். புலியூர்க்குறிச்சிக்குப் போகும் மாணவர்கள் அக்கோட்டைக்குள், லத்தீனிலும் தமிழிலும் பொறித்த கல்வெட்டோடு அவருடைய கல்லறை இருப்பதைக் காணலாம். சிறைப்பட்டவருக்கு மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்டால், தொடக்கத்தில் அது மிகக் குறைவாகவே இருந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்த உழைப்பை வெறும் அச்சத்தால் வாங்கிவிட முடியாது என்பதையும் அதனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். அதே மகாராஜாதான் 1750ஆம் ஆண்டில் தாம் வென்ற ராஜ்யம் முழுவதையும் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்குச் சமர்ப்பித்து, பத்மநாப தாசராகவே ஆட்சி செலுத்தினார். அரசியல் நோக்கமும் அதில் உண்டு என்பார் கூற்றை நான் தள்ளவில்லை. தம் கையிலிருப்பதும் பிறர் ஒப்படைத்த பொருளே என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட செயல் என்னும் அளவில் அது எனக்கு மிக முக்கியமானதாகத் தோன்றுகிறது.

அரண்மனையை விட்டு அடுக்களைக்கு வருவோம். நம் ஊர்க் கல்யாணங்களில், முதல் நாள் இரவு உற்றாரும் ஊராரும் கூடிக் காய் வெட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். இருபது முப்பது பேர், அவர்களில் பாதிப்பேர் வாழ்நாளில் அரிவாள்மணையில் உட்காராதவர்கள். சமையலுக்குப் பொறுப்பான தவசிப்பிள்ளை அவர்களுக்கு எவ்வாறு வேலை பகிர்கிறார் என்பதை நான் பலமுறை அருகிருந்து பார்த்திருக்கிறேன். அவர் விரிவுரை செய்வதில்லை. சேனையில் ஒரு துண்டை, விரல் நீளத்துக்கு, விரல் பருமனுக்குத் தாமே வெட்டி, வாழையிலையின் நடுவில் வைத்து, "அவியலுக்கு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுகிறார். அங்கே எரிசேரிக்கு ஒரு துண்டு. கத்தியை எப்படிப் பிடிப்பது, யார் தோல் சீவுவது, யார் நறுக்குவது என்பதெல்லாம் அவரவர் பாடு. அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, குவியலின் மேலிருந்து எடுக்காமல் உள்ளே கைவிட்டு ஒரே ஒரு துண்டை எடுத்துப் பார்க்கிறார். சரியாக இருந்தால் அதை மீண்டும் குவியலில் போட்டுவிட்டுப் பேசாமல் போகிறார். வேண்டும் விளைவைக் கண்முன் காட்டுதல், வழியை அவரவரிடம் விடுதல், காலமறிந்து ஒருமுறை பார்த்தல் என்று எந்த நிர்வாகப் பள்ளியில் என்ன பெயரிட்டுப் போதித்தாலும், விஷயம் அந்த வாழையிலையில் கிடந்த சேனைத் துண்டில் அடங்கியிருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் சிலர் நொடிக்கொரு தரம் வந்து, "உப்பு போட்டாச்சா, பருப்பு வெந்ததா" என்று கேட்பதும், அவ்வாறு கேட்கப்படும் வீடுகளில் தவசிப்பிள்ளை தம் கைமணத்தை விட்டுவிட்டு, கேட்டதற்கு மட்டும் செய்து கொடுத்துப் போவதும் நான் கண்டவை.

நம் இல்லங்களில் பெண்கள் படும் பாட்டில் ஒரு பெரும்பகுதி இவ்விடத்தில்தான் மறைந்து கிடக்கிறது. இன்றைய கணவர்கள் பலர் வீட்டு வேலையில் பங்கு கொள்கிறார்கள், அது மகிழத்தக்கது. ஆயினும் அந்தப் பங்கு எத்தகையது? சனிக்கிழமை காலையில் அவர் வடசேரி கனகமூலம் சந்தைக்குப் போகிறார். என்னென்ன வாங்க வேண்டும் என்று அவர் மனைவி தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். சந்தைக்குள் நுழைந்ததும் தொலைபேசி. "முருங்கைக்காய் விலை ஏறிக் கிடக்கு, வாங்கவா வேண்டாமா?" சிறிது நேரத்தில் மறுபடியும். "வெண்டைக்காய் முத்தலாட்டு இருக்கு, பதிலுக்கு என்ன வாங்க?" அந்த அம்மையார் ஒரு கையில் தோசைத் திருப்பியும் மறு கையில் தொலைபேசியுமாக நின்று இத்தனைக்கும் தீர்ப்புச் சொல்கிறார். வீட்டில் எது தீர்ந்தது, புதன்கிழமை யார் விருந்துக்கு வருகிறார்கள், மாமனாருக்கு எந்தக் காய் ஆகாது, பிள்ளை எதைத் தட்டில் ஒதுக்குகிறான் என்று நினைவில் வைத்திருந்து, எண்ணி, எழுதி, பிறகு கேள்விக்கும் விடை சொல்லும் உழைப்பு முழுவதும் அவருடையதாகவே இருக்க, பையைத் தூக்கி வரும் உழைப்பு மட்டும் கைமாறியிருக்கிறது. இதற்கு உதவி என்று பெயர். உதவி செய்தவருக்கு நன்றி சொல்லும் கடனும் அவர்மேலேயே ஏறிவிடுகிறது.

இதற்கு மாற்று ஒன்றுதான். வீட்டுக் காய்கறி என்னும் காரியம் முழுவதும், பார்ப்பது, நினைப்பது, தீர்மானிப்பது உள்பட, ஒருவருடைய பொறுப்பாக மாற வேண்டும். மாறினால் முதல் வாரத்தில் கீரை இரண்டு கட்டு அழுகும். இரண்டாம் வாரத்தில் தேங்காய் போதாமற்போகும். அம்மையார் அதனைப் பொறுத்தல் வேண்டும். 'இதற்கு நானே போயிருக்கலாம்' என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து புறப்பட்டுவிட்டால், பை மறுபடியும் பையாகவும் தாள் மறுபடியும் தாளாகவும் ஆகிவிடும். 'நானே செய்தால் சீக்கிரம் முடியும்' என்பது பொய்யன்று, மெய். இந்த ஒரு தடவைக்கு மெய். அந்த மெய்யை நம்பி, பத்தாண்டுக் காலம் ஒவ்வொரு தடவையும் தாமே செய்து, பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த தாய்மார்கள் இந்த அவையிலேயே பலர் இருப்பார்கள்.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் ஒரு பள்ளியில் தலைமையாசிரியனாயிருந்தபோது, ஆண்டு விழா நாடகத்தை இளம் ஆசிரியை ஒருவரிடம் ஒப்படைத்தேன். ஒத்திகையை ஒருநாள் பார்க்கப் போனவன், வசனம் நீளம் என்று வெட்டினேன். மறுநாள் வேடம் மாற்றினேன். மூன்றாம் நாள் மாணவர்கள் அவரைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்து நடிக்கத் தொடங்கினார்கள். நாடகம் நன்றாகவே அமைந்தது, பலர் பாராட்டினார்கள். அதன் பின்பு நான் அங்கே இருந்த ஆறு ஆண்டுகளில் அந்த ஆசிரியை, தாமாக ஒரு யோசனையையும் என்னிடம் கொண்டு வந்ததில்லை. எதைக் கொடுத்தாலும், "சார் எப்படிச் செய்யணும்னு சொல்லுங்க, அப்படியே செய்திருதேன்" என்பார். மரியாதைக் குறைவு ஓர் அணுவும் அதில் இல்லை. அந்த மரியாதை இன்றும் என்னைச் சுடுகிறது.

இதுவரை சொன்னதைக் கேட்டு, விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதே உத்தமம் என்று எவரும் கொள்ளலாகாது. அவ்வாறு கொண்டதன் பயனையும் நாஞ்சில் நாடு அனுபவித்திருக்கிறது. மருமக்கள்வழிக் குடும்பங்களில், குடும்பம் முழுவதற்கும் உரிய சொத்தைக் குடும்பத் தலைவராகிய காரணவர் ஒருவரிடம் விட்டிருந்தார்கள். நல்ல காரணவர் வாய்த்த வீடு செழித்தது. அல்லாத வீட்டில் கணக்குக் கேட்கவும் வழியின்றிப் பெண்டிரும் பிள்ளைகளும் தவித்தார்கள். தேரூரில் 1876ஆம் ஆண்டில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ஐந்து மனைவியரை மணந்த காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் துயரத்தைத் தானே சொல்வதாக 'மருமக்கள்வழி மான்மியம்' பாடினார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அம்முறையை மாற்றிற்று. அதிகாரத்தை விடுகிறவர்கள் கணக்கையும் சேர்த்து விட்டுவிடலாகாது. தவசிப்பிள்ளை குவியலுக்குள் கைவிட்டு எடுத்த அந்த ஒரு துண்டு அதற்காகத்தான். எங்கள் பத்தின் பாட்டாவும் அறுவடை முடிந்ததும் களத்தில் ஊரார்முன் வந்து நிற்பார். எவருக்கேனும் குறை இருந்தால் அங்கே சொல்லலாம். வெளிப்படையாக, ஒரு குறித்த காலத்தில், எல்லோர் முன்னும் கேட்கும் கணக்கு எவரையும் சிறுமைப்படுத்துவதில்லை; தோளுக்குப் பின்னே நின்று நாள் முழுதும் எட்டிப் பார்க்கும் கணக்கே சிறுமைப்படுத்துகிறது.

என் தாயார் எங்கள் வீட்டில் நெல் வைக்கும் அரங்கின் சாவியை என் மனைவியிடம் கொடுத்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கும்பப்பூ அறுப்பு முடிந்த ஒரு பங்குனி மாதம். நெல்லெல்லாம் பத்தாயத்துக்குப் போய்ச் சேர்ந்த மாலையில், இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, "மக்களே, இது இனி உனக்குள்ளது" என்று கொடுத்தவர், வித்து நெல்லை மட்டும் தம்மிடம் கேட்டுக்கொண்டு எடுக்கும்படி சொன்னார். அந்த ஓராண்டு என் மனைவி கேட்டுக்கொண்டே எடுத்தாள். மறு ஆண்டு அவள் கேட்க வந்தபோது, "எங்கிட்ட என்னத்துக்குக் கேக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வைகாசியில் ஒரு விடியற்காலை, நானும் அம்மையும் படிப்புரையில் உட்கார்ந்திருந்தோம். கன்னிப்பூவுக்கு வித்து அளக்கும் ஓசை அரங்கிலிருந்து கேட்டது. "லாபம், ரெண்டு, மூணு" என்று என் மனைவி எண்ணுவதும், மரக்கால் பத்தாயத்தின் விளிம்பில் தட்டுவதும் தெளிவாகக் காதில் விழுந்தன. எங்கள் நிலத்துக்கு எத்தனை மரக்கால் வித்து என்பது அம்மைக்கு உறக்கத்திலும் தெரியும். அந்தத் தொகை வந்தது, எண்ணிக்கை நிற்கவில்லை. மேலும் ஒன்று, மேலும் இரண்டு. நான் திரும்பி அம்மையைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து, நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த வெற்றிலையை எடுத்தார்.